குளத்துக்கு ஆங்கிலத்தில் ஏன் ‘டாங்க்’?

மாங்குளம் பக்கம் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருந்த கேள்வி இது. தங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி, கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு வாசிக்க அனுப்பியிருக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த மச்சாள் முதல் வரியை வாசித்துவிட்டு, “உங்கட ஊரில இன்னும் டாங்க் நிற்குதா? சண்டை முடிஞ்சுதெல்லோ?” என்று பதறிப்போய்க் கேட்டாராம். அதிலிருந்து மூன்று கேள்விகள். குளத்துக்கும் யுத்த வாகனத்துக்கும் ஒரே சொல்லா? எது முதலில் வந்தது? ‘டாங்க்’ என்பது நம்முடைய ‘தாங்கி’யில் இருந்து போனது என்று சொல்கிறார்களே, அது உண்மையா? கட்டுரையையும் கூடவே அனுப்பியிருந்தார்.

இரண்டும் ஒரே சொல்தான். குளம்தான் முதலில். தாங்கியில் இருந்து போகவில்லை. இனிக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சொல்லின் கதை நம்முடைய மண்ணோடு நிறையவே ஒட்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வியாபாரத்துக்கு வந்தபோது அவர்களுக்கு முதலில் கால் ஊன்றக் கிடைத்த இடங்களில் ஒன்று குஜராத்தின் சூரத். 1613 அளவில் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலை வந்துவிட்டது. குஜராத்தியிலும் மராத்தியிலும் ‘டாங்கி’, ‘டாங்கேம்’ என்பது போன்ற சொற்கள் உண்டு. மழைநீரைச் சேர்த்துவைக்க நிலத்துக்குள் கட்டிய தொட்டியைக் குறிப்பவை அவை. பக்கத்து ராஜஸ்தானின் வறண்ட ஊர்களில் இன்றும் அப்படிக் கட்டிய நிலத்தடித் தொட்டிக்கு ‘டாங்கா’ என்றுதான் பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகளில் ‘டாங்க்’ வரத் தொடங்குகிறது. அப்போது அதற்கு இருந்த பொருள் ஒன்றே ஒன்று: இந்தியாவில் மனிதர் வெட்டியோ கட்டியோ உண்டாக்கிய குளம். இரும்பும் இல்லை, பீரங்கியும் இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஆங்கிலேயருக்கு நூறு வருடம் முன்னதாகவே வந்த போர்த்துக்கேயர் ‘தாங்க்கே’ என்று ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். 1498 இல் வாஸ்கோடகாமாவோடு கோழிக்கோட்டில் இறங்கியவர்களில் ஒருவர் எழுதிய பயணக் குறிப்பில், வெட்டிய கல்லால் கட்டிய பெரிய கோயில் குளம் ஒன்றை அந்தச் சொல்லாலேயே சொல்கிறார். வழியில் அப்படிப் பல கண்டோம் என்றும் எழுதுகிறார். கப்பலால் இறங்கிச் சில நாளே ஆன ஒருவர் அவ்வளவு இயல்பாக எழுதுகிறார் என்றால், அதை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும். ‘எஸ்தாங்க்கே’ என்ற சொல்லின் தலை தேய்ந்து வந்தது அது. அதன் வினைச்சொல் ‘எஸ்தாங்க்கார்’. ஓடும் நீரை மறித்து நிற்பாட்டுவது என்று பொருள். அதே குடும்பத்தில்தான் ஆங்கிலத்தில் காயத்திலிருந்து வடியும் இரத்தத்தை நிறுத்துவதற்கான ‘ஸ்டாஞ்ச்’ என்ற வினையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வேர்.

ஆக இரண்டு பக்கத்திலும் கிட்டத்தட்ட ஒரே ஒலி, கிட்டத்தட்ட ஒரே பொருள். 1886 இல் இந்திய ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி தொகுத்த யூலும் பர்னலும் இந்தச் சொல்லில் வந்து திகைத்து நின்றார்கள். இதற்கு இந்தியப் பிறப்பும் உண்டு, ஐரோப்பியப் பிறப்பும் உண்டு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். குஜராத்திச் சொல்லை சமஸ்கிருத ‘தடாக’த்தோடு, அதாவது நாமும் பாட்டிலும் செய்யுளிலும் சொல்கிற தடாகத்தோடு, தொடர்புபடுத்துவோர் உண்டு. போர்த்துக்கேயரிடமிருந்துதான் குஜராத்திக்கே போனது என்பவர்களும் உண்டு. என் எண்ணம், இரண்டு சொற்களும் மேற்குக் கரைத் துறைமுகங்களில் சந்தித்து ஒன்றுக்கு ஒன்று பலம் கொடுத்திருக்கின்றன என்பது. குஜராத்தி வியாபாரி சொன்னதும் போர்த்துக்கேய மாலுமி சொன்னதும் ஆங்கிலேயன் காதில் ஒன்றாகவே விழுந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரையும் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தையும் பிடித்தார்கள். அவர்களிடமிருந்து கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, துவாய், தாச்சி என்று வீடு நிறையச் சொற்களை வாங்கிக்கொண்டோம். ‘தாங்க்கே’யை மட்டும் வாங்கவில்லை. தேவை இருக்கவில்லை. குளம், மடு, மோட்டை, கேணி, துரவு, பூவல் என்று தண்ணீர் நிற்கிற ஒவ்வொரு விதத்துக்கும் நம்மிடம் ஒரு பெயர் இருந்தது. ஆறு பள்ளம் பறித்து ஆழமாக நிற்கும் இடம் மடு. இரணை என்றால் இரட்டை. அதுதான் இரணைமடு. மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றிப்போகும் காட்டுக்குள் குட்டைதான் மோட்டை. கல் கட்டிப் படி இறக்கினால் கேணி. நெடுங்கேணி என்ற ஊர்ப் பெயரே போதும். மணலைக் கையாலோ மண்வெட்டியாலோ தோண்டி ஊறவிட்டு அள்ளினால் பூவல். இவை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ‘டாங்க்’, ‘பாண்ட்’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடைத்துவிட்டுப் போகிறோம் என்பது எனக்கு எப்போதும் மனவருத்தமான விஷயம்.

ஆங்கிலேயருக்கு இங்கே ஏன் புதுச் சொல் தேவைப்பட்டது? இதற்கு நல்ல சாட்சி ரொபர்ட் நொக்ஸ். 1660 இல் கண்டி அரசனிடம் கைதியாகி, 1679 இல் தப்பி, அருவியாற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் மன்னார்ப் பக்கக் கரையோர ஊரான அரிப்புக்கு வந்து சேர்ந்தவர். நம்முடைய வன்னியின் தென்மேற்கு ஓரத்தால் நடந்து போனவர் என்றே சொல்லலாம். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில், ஊற்று இல்லாத வடபகுதிகளில் மக்கள் பெரிய கட்டுகளைக் கட்டி மழைநீரைத் தேக்கி வயலுக்கு விடுகிறார்கள், அந்தக் கட்டு அரைச்சந்திரன் போல வளைந்திருக்கும், ஊருக்கு ஒன்று உண்டு, அது நிரம்பினால் நெல்லு வீட்டுக்கு வந்த மாதிரித்தான் என்று எழுதுகிறார். நம்முடைய வாயிலிருந்து பிடுங்கி எழுதியது போல இருக்கும் அந்த இடம். ஆனால் அங்கே அவர் போட்ட சொல் ‘பாண்ட்’. அவர் இந்தியாவில் நெடுநாள் தங்கிப் பழகியவர் இல்லை. இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் வாத்து நீந்தும் குட்டைக்குச் சொல்வதையே எடுத்துக் குளத்துக்கும் வைத்துவிட்டார்.

அது பொருந்தாது என்று குளக்கட்டில் ஏறி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கார்த்திகை மாதத்து விடியலில் ஏறிப் பாருங்கள். கட்டின் ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் பட்ட மரங்கள் வெள்ளை வெளேரென்று நிற்கும், கொப்பில் நீர்க்காகம் செட்டையை விரித்துக்கொண்டு இருக்கும். மற்றப் பக்கம் பத்தடி கீழே வயல். துருசால், அதாவது மதகால், வரும் தண்ணீர் வாய்க்காலில் விழும் இரைச்சல் காலுக்குக் கீழே கேட்கும். தண்ணீர் உங்கள் தலைக்கு மேலே இல்லை, ஆனால் வயலில் நிற்பவனின் தலைக்கு மேலே நிற்கிறது. அப்படி நிற்பது இந்த மண்கட்டு தருகிற தயவால் மட்டும்தான். எங்கள் அப்பு மாரி நாளில் இரவில் எழும்பி, டோச்சும் மண்வெட்டியுமாகக் கட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். எலி வளை, கறையான் புற்று, கசிவு எதுவும் இருக்கக் கூடாது. வாத்துக் குட்டைக்கு யாரும் இரவில் எழும்பிக் காவல் போவதில்லை. ‘லேக்’ என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது இயற்கை கொடுத்தது. ஆகவே பிரித்தானிய நிர்வாகம் இந்தியாவில் பழகிய ‘டாங்க்’ஐ இங்கேயும் கொண்டுவந்தது. ஆட்சி அறிக்கைகளிலும், 1895 இல் வெளிவந்த லூயிஸ் துரையின் வன்னி மாவட்டக் கையேட்டிலும், பிறகு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வரைபடங்களிலும் அதுவே நிலைத்தது. கட்டுக்கரைக் குளம் ‘ஜயண்ட்ஸ் டாங்க்’ ஆனது அப்படித்தான்.

அந்தக் கட்டுக்கரைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அருவியாற்றுக்குக் குறுக்கே இருக்கும் தேக்கம் என்ற பழைய கல்லணையில் இருந்து. தேக்குவது என்ற நம்முடைய வினையே அங்கே இடத்தின் பெயர். போர்த்துக்கேயரின் ‘தாங்க்கே’க்கு அடியில் இருப்பதும் தேக்குவதுதான் என்று மேலே சொன்னேன். ஒலியில் ஒரு தொடர்பும் இல்லாத இரண்டு மொழிகள், ஒரே வேலையைப் பார்த்து ஒரே எண்ணத்தில் பெயர் வைத்திருக்கின்றன. சொல் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒலி ஒன்றுபடுவதைவிட இப்படி எண்ணம் ஒன்றுபடுவது பெரிய விஷயம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இலங்கையின் நீர்ப்பாசன ஆங்கிலத்தில் ‘டாங்க்’, ‘பண்ட்’, ‘அனிகட்’ என்ற மூன்று சொற்களும் ஒரே வரியில் வரும். ‘பண்ட்’ பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது, கட்டு என்று பொருள். ‘அனிகட்’ நம்முடைய அணைக்கட்டேதான், ஆங்கிலேயன் வாயில் தேய்ந்தது. தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்தது எது என்று தேடுகிற பிள்ளைகள் தாங்கியை விட்டுவிட்டு இதைப் பிடியுங்கள். கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணீரும் போல இதற்கும் ஐயமே இல்லாத சான்று உண்டு.

சரி, குளம் எப்படித் தகரத் தொட்டி ஆனது? அது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே, தண்ணீரைச் சேர்த்துவைக்கும் எந்தப் பெரிய பாத்திரத்துக்கும் ஆங்கிலேயர் அந்தச் சொல்லை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். கப்பலில் குடிதண்ணீர்ப் பெட்டி, பிறகு புகையிரதத்துக்கு நீர், பிறகு எண்ணெய், பெற்றோல். இங்கிலாந்தில் குளத்தைச் சொல்ல வேறு சொற்கள் இருந்ததால் முதல் பொருள் அங்கே மங்கி, தொட்டிதான் மிஞ்சியது. தெற்காசியாவில் மட்டும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. ஐதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கட்டில் போகும் வீதிக்கு இன்றும் ‘டாங்க் பண்ட்’ என்றுதான் பெயர். ஆக மச்சாளுக்குத் தெரிந்தது புதிய பொருள், உங்களுக்குத் தெரிந்தது மூத்த பொருள்.

யுத்த வாகனத்துக்கு வருவோம். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளையும் முட்கம்பியையும் தாண்டிப் போகக்கூடிய ஒரு கவச வண்டியைப் பிரித்தானியர் இரகசியமாகச் செய்துகொண்டிருந்தார்கள். 1915 இல் அதற்காக அமைத்த குழுவுக்குத் ‘தரைக்கப்பல் குழு’ என்று பெயர். இந்தப் பெயர் வெளியே கசிந்தால் என்ன செய்கிறார்கள் என்று எதிரிக்கு உடனே விளங்கிவிடும். லிங்கன் நகரத் தொழிற்சாலையில் செய்த இரும்புக் கூட்டைப் பார்த்தால் பெரிய நீர்த்தொட்டி போலத்தான் இருந்தது. மெசப்பத்தேமியாவுக்குப் போகிற தண்ணீர் வண்டி என்று சொல்லிவைத்தார்கள். வண்டிகளில் ரஷ்ய எழுத்தில் “கவனம், பெத்ரோகிராட்டுக்கு” என்றும் எழுதினார்கள். 1915 டிசம்பர் 24 ஆம் திகதிய குறிப்பொன்றில், இரகசியத்துக்காக ‘டாங்க் வழங்கல் குழு’ என்று பெயர் வைக்கும்படி எழுதப்பட்டது. ‘சிஸ்டர்ன்’, ‘ரிசர்வோயர்’ என்ற சொற்களையும் யோசித்திருக்கிறார்கள். இரண்டும் தண்ணீர்ச் சொற்கள்தான். வாயில் ஓரசையாக வந்தது ‘டாங்க்’. 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சின் சோம் பகுதியில் அவை முதன்முதலாகச் சண்டைக்கு இறங்கின. அதோடு இரகசியம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மற்ற மொழிகள் மறைக்க வேண்டிய தேவை இல்லாமல் பெயர் வைத்தன. ஜெர்மானியர் ‘பான்சர்’ என்றார்கள், கவசம் என்று பொருள். நாம் கவச வாகனம் என்பதும் அதே பாதை.

நம்முடைய ஊரில் இந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்பதையும் சொல்லாமல் போக முடியாது. ஆங்கிலத்தின் ட ஒலியைச் சொல்லின் முதலில் ர என்று எழுதுவது இலங்கைத் தமிழின் பழக்கம். ரயர், ரொபி, ரிக்கற் எல்லாம் அப்படித்தான். டோச்சை ரோச் என்று எழுதுபவர்களும் உண்டு. அதே முறையில் ‘ராங்கி’ வந்தது. சின்ன வயதில் எனக்கு ‘ராங்கி’ என்றால் காணுமுன்னே காதில் கேட்கிற ஒன்று. சங்கிலிச் சத்தம் முதலில் நிலத்துக்குள்ளால் வரும், பாயில் படுத்திருந்தால் முதுகில் தெரியும். குளத்துக்கும் அதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்று பள்ளிக்கூடத்தில் முதன்முதல் கேட்ட நாளில் நான் ஆசிரியரை நம்பவே இல்லை. அந்த வகுப்பில் யாரும் நம்பவில்லை. போர் முடிந்தபின் ஏ9 வீதியால் போய்வந்த எல்லோரும் கிளிநொச்சியில் அடியோடு சாய்ந்து கிடந்த அந்தப் பெரிய நீர்த்தாங்கியைக் கண்டிருப்பீர்கள். பல வருடம் அப்படியே கிடந்தது. ஆங்கிலத்தில் அதுவும் ‘டாங்க்’. பஸ்சில் அதைத் தாண்டும் ஒவ்வொரு முறையும், மூன்று பொருளும் ஒரே ஊருக்குள் வந்து நிற்கிறது என்றுதான் எனக்கு நினைவு வரும். கொஞ்சத் தூரம் தள்ளி இரணைமடு இருந்தது.

இப்போது தாங்கி. இந்தச் சொல் தமிழில் எப்படி உண்டானது என்பது தெளிவு. தாங்கு என்ற வினையோடு இகரம் சேர்ந்தால் தாங்குவது. சுமைதாங்கி, இடிதாங்கி. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்கத் தெருவோரம் நாட்டிய கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயர் வைத்தவர்கள், நீரைச் சுமந்து நிற்பதற்கு நீர்த்தாங்கி என்று வைப்பது முற்றிலும் இயல்பு. இலங்கையில்தான் இது வேரூன்றியது. தமிழ்நாட்டில் தண்ணீர்த் தொட்டி என்பார்கள். ஆனால் இதிலிருந்து ஆங்கிலச் சொல் போனது என்பதற்கு இரண்டு தடைகள் உண்டு. ஆங்கிலத்தில் முதற்பொருள் நிலத்தில் கிடக்கும் குளம், அது எதையும் தூக்கித் தாங்கவில்லை. அடுத்தது, தமிழில் குளத்தைத் தாங்கி என்று சொல்லும் வழக்கம் இல்லை. நாம் சொல்லாத ஒன்றை அவர்கள் நம்மிடமிருந்து எப்படிக் கேட்டிருப்பார்கள்? என் கணிப்பு, ‘டாங்க்’ என்ற ஒலி காதில் விழுந்தபோது, ஒலியும் பொருந்தப் பொருளும் பொருந்த ஒரு நல்ல தமிழ்ச் சொல் கைக்குள் இருந்தது, நம்மவர் அதை எடுத்துவைத்தார்கள் என்பது. கடன் வாங்கியது போலவும் இருக்கிறது, சொந்தம் போலவும் இருக்கிறது. இவ்வளவு அழகாகப் பொருந்திய மொழிபெயர்ப்பு அபூர்வம். அதன் பெருமையே போதும், பொய்யான பிறப்புச் சான்று தேவையில்லை.

மிச்சமுள்ள பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பரீட்சையில் வரலாம். ‘திங்க் டாங்க்’ முதலில் மூளைக்கான கேலிப் பெயர், 1950களுக்குப் பின்னர் ஆய்வு நிறுவனம். நாம் சிந்தனைக் குழாம் என்கிறோம். ‘டாங்க் டொப்’ என்ற கையில்லாச் சட்டை, நீச்சல் தடாகத்தையும் ‘டாங்க்’ என்று சொன்ன காலத்து நீச்சலுடையில் இருந்து வந்தது. பங்கு விலை ‘டாங்க்’ ஆனது என்றால் படுவீழ்ச்சி. குத்துச்சண்டையில் வேண்டுமென்று தோற்பவனைத் தடாகத்துக்குள் குதித்தான் என்று சொன்ன அமெரிக்கப் பேச்சு வழக்கு டென்னிஸ் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது.

பிள்ளை, உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ‘டாங்க்’ஐ மாற்ற வேண்டாம். அது பிழை இல்லை. நமது வறண்ட வலயத்தின் தொடர் குளங்களை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு உலக விவசாய மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோதும் அந்தச் சொல்லோடேயே சேர்த்தது. ‘ரிசர்வோயர்’ என்று மாற்றினால் கொன்கிறீற் அணை நினைவுக்கு வரும், குளக்கட்டில் மாடு போகும் உங்கள் ஊர் வராது. வெளிநாட்டில் இருப்பவர் வாசிப்பார் என்றால் முதல் தடவை மட்டும் ‘இரிகேஷன் டாங்க்’ என்று எழுதி, ஓடையை மறித்து மண்ணால் கட்டிய கட்டு, பின்னால் தேங்கிய மழைநீர், கீழே வயல் என்று ஒரு வரி சேருங்கள். பிறகு வெறும் ‘டாங்க்’ போதும். குளத்தின் பெயரைத் தமிழில் உள்ளபடியே எழுதுங்கள், ‘குளம்’ என்ற முடிவையும் சேர்த்து. மோட்டையை மோட்டை என்றே எழுதி ஒரு தரம் விளக்கினால் யாரும் மறக்கமாட்டார்கள்.

நான்காம் பந்தியில் துருசு என்ற இடத்தில் ஆங்கிலச் சொல் தெரியாமல் புள்ளி போட்டு விட்டிருந்தீர்கள். அங்கே ‘சுலூஸ்’ என்று எழுதுங்கள். அதுவும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான், வெளியே அடைத்து வைப்பது என்று பொருள். குளம் நிரம்பி வழிந்து வான் பாய்வதற்கு ‘ஸ்பில்’.